பை கட்டும் முன்பே விலை சொல்லுங்கள்

தமிழ்நாட்டில் மருந்தகம் என்றால் மருந்து விற்கும் கடை. சிங்கப்பூரில் மருந்தகம் என்றால் டாக்டர் இருக்கும் கிளினிக், பலதுறை மருந்தகம் என்றால் பாலிகிளினிக். திருச்சியிலிருந்து வந்த என் சித்தப்பா முதல் வாரத்திலேயே இதில் குழம்பிப்போனார். தலைவலி மாத்திரை வாங்கப் போனவரைப் பெயர் பதிந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் சிங்கப்பூர்ச் சொல்லில் தவறில்லை. இங்கே டாக்டரும் மருந்தும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். பார்ப்பவரே எழுதுகிறார், எழுதுபவரே விற்கிறார். மருந்து விலையை வெளிப்படையாகச் சொல்லும் சட்டங்களைப் பற்றி நாம் பேசினால், இந்த ஒரு விஷயத்தை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

என் அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றும் உண்டு. மூத்தோருக்கு அரசாங்கம் தரும் மெர்டேக்கா தலைமுறைச் சலுகை அட்டை வைத்திருக்கிறார். எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குத்தான் பல வருடங்களாகப் போனார், டாக்டர் நல்லவர், அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அதில் எனக்குக் குறையே இல்லை. பிரச்சினை முகப்பில். பெயரைக் கூப்பிடுவார்கள், போனால் மூன்று மாத மாத்திரைகளும் சின்னச் சின்னப் பைகளில் போட்டு, பெயர் ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் வைத்து முடித்திருப்பார்கள். அப்புறம்தான் தொகை வரும். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், ஒரு குழந்தை இருமுகிறது. அந்த நேரத்தில் "இதில் கொழுப்பு மாத்திரை மட்டும் எவ்வளவு?" என்று கேட்க என் அப்பாவுக்கு வாய் வராது. எனக்கும் பல தடவை வரவில்லை. ஒருநாள் கேட்டேன். பிரித்துச் சொன்னபோது, அதே மருந்து, அதே மில்லிகிராம், வெளியே மருந்துக்கடையில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைப்பது தெரிந்தது. யாரும் எங்களிடம் பொய் சொல்லவில்லை. எதையும் தீர்மானிக்க முடியாத நேரத்தில் விலையைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

விலை தெரிவது ஒன்று, விலை நேரத்தோடு தெரிவது வேறு. இந்த விஷயத்தில் போடப்படும் எந்தச் சட்டத்தையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் நம் ஊர் நிலவரம். சிங்கப்பூரில் மருந்துகளுக்கு மூன்று வகை உண்டு. டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைப்பவை, சீட்டு இல்லாவிட்டாலும் மருந்தாளரிடம் கேட்டு வாங்க வேண்டியவை, யாரும் எங்கேயும் எடுத்து வாங்கக்கூடியவை. மூன்றாவது வகைக்கு விலை ஒட்டியிருக்கும், கடையில் ரொட்டி வாங்குவதுபோல் பார்த்து வாங்கலாம். அப்பாவின் மாத்திரைகள் முதல் வகை. அவை முகப்புக்குப் பின்னால்தான் இருக்கும், கண்ணில் படாது. இந்த வகையைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்தவும் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தத் தடைக்கு நல்ல காரணம் இருக்கிறது, ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பேருந்து நிறுத்தத்தில் விளம்பரம் பார்த்து யாரும் வாங்கக் கூடாது. ஆனால் இதன் பக்கவிளைவு, நாம் வாழ்நாள் முழுவதும் சாப்பிடப் போகும் மாத்திரையின் விலைதான் நம் கண்ணுக்கு மிகக் குறைவாகத் தெரிகிறது.

தனியார் கிளினிக்குகள் மருந்தை என்ன விலைக்கு விற்க வேண்டும் என்று இங்கே பொதுவான உச்சவரம்பு கிடையாது. பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம் இருக்கிறது. அதையொட்டி 2020 நவம்பர் 1 முதல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்தின் விலை வெளிப்படைத்தன்மை வழிகாட்டியும் நடப்பில் இருக்கிறது. போலித் தள்ளுபடி, கடைசியில் ஒட்டிக்கொள்ளும் மறைமுகக் கட்டணம் இவற்றுக்கு எதிராக அது பயன்படும், நல்ல விஷயம்தான். ஆனால் விலையே காட்டாதவரைப் போய் விலையைத் தவறாகக் காட்டினாய் என்று பிடிக்க முடியாது.

டாக்டர் கட்டணத்துக்கும் ஒரு கதை உண்டு, அதைச் சொல்லாமல் மருந்து விலை புரியாது. சிங்கப்பூர் மருத்துவர் சங்கம் 1987 முதல் கட்டண வழிகாட்டி ஒன்றை வைத்திருந்தது. போட்டித்தன்மைச் சட்டம் வந்த பிறகு, தொழில் செய்பவர்களே கூடி விலை பரிந்துரைப்பது அந்தச் சட்டத்துக்கு முரணாகலாம் என்ற கவலையில் 2007ல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் நீண்ட இடைவெளி. 2018 நவம்பரில்தான் சுகாதார அமைச்சு அறுவை சிகிச்சைக் கட்டணங்களுக்கு அளவுகோல்களை வெளியிட்டது. அதாவது பித்தப்பைக் கல்லை எடுக்க எவ்வளவு ஆகும் என்று இன்று ஓரளவுக்கு வீட்டில் உட்கார்ந்தே பார்க்கலாம். தினமும் காலையில் போடும் மாத்திரைக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை.

சரி, கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவைப் பார்ப்போம். நம்மில் பலர் ஜொகூர் பாருவுக்குப் போனால் மளிகையோடு மாத்திரையும் வாங்கி வருகிறோம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. மலேசியா 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக்கடைகளும் மருந்து விலையைக் காட்டியே ஆக வேண்டும் என்று உத்தரவு கொண்டுவந்தது. விலைச்சீட்டாக ஒட்டலாம், பட்டியலாக வைக்கலாம், திரையில் காட்டலாம், கேட்காமலே தெரிய வேண்டும் என்பதுதான் விஷயம். ஐந்து நாள் கழித்து, மே 6 அன்று, டாக்டர்கள் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

அவர்கள் சொன்னதை உதறித் தள்ளக் கூடாது. முதல் குறை, இந்த உத்தரவு விலைக் கட்டுப்பாடு மற்றும் கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது, அதாவது சர்க்கரைக்கும் சமையல் எண்ணெய்க்கும் உள்ள வர்த்தகச் சட்டம். கிளினிக்கை மளிகைக்கடை மாதிரி நடத்துகிறீர்களே என்று கேட்டார்கள். இரண்டாவது குறைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மலேசியாவில் தனியார் பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணம் பல பத்தாண்டுகளாக 10 முதல் 35 ரிங்கிட் என்ற வரம்புக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. வாடகை ஏறிவிட்டது, தாதியர் சம்பளம் ஏறிவிட்டது, கட்டணம் மட்டும் ஏறவில்லை. அப்போது கிளினிக் எதில் பிழைக்கும்? மருந்தில்தான். மாத்திரை விலைக்குள்தான் டாக்டரின் நேரமும் முகப்பில் இருக்கும் பெண்ணின் சம்பளமும் குளிர்சாதனக் கட்டணமும் ஒளிந்திருந்தன. அந்த மாத்திரைக்கு மட்டும் வெளிச்சம் போட்டால் டாக்டர் கொள்ளையடிப்பவர்போலத் தெரிவார், பக்கத்து மருந்துக்கடைக்காரர் தர்மவான்போலத் தெரிவார். இரண்டுமே முழு உண்மை இல்லை.

நம் ஊரிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இங்கே ஆலோசனைக் கட்டணத்துக்கு வரம்பு இல்லை, ஆனால் புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக் நாற்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆலோசனைக் கட்டணம் என்று பலகை வைத்தால் பாட்டிமார்கள் அடுத்த புளோக்குக்குப் போய்விடுவார்கள். அதனால் ஆலோசனையைக் குறைவாக வைத்து, மீதியை மருந்தில் எடுப்பது பல காலமாக நடக்கும் வழக்கம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த வழக்கத்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை சளிக்குப் போகும் இளைஞருக்கு மருந்து இரண்டு, செலவு கொஞ்சம். மூன்று நோயோடு ஐந்து மாத்திரை சாப்பிடும் என் அப்பா ஒவ்வொரு மாத்திரையிலும் கிளினிக்கின் வாடகையில் ஒரு துளி கட்டுகிறார். நோய் அதிகமானவர்தான் அதிகமாகத் தாங்குகிறார். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அமெரிக்காவின் கதை இதைவிடப் பழையது. வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு காலத்தில் மருந்தாளர் ஒருவர் சீட்டு மருந்தின் விலையை விளம்பரப்படுத்தினாலே அது தொழில் ஒழுக்கக்கேடு. பயனீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது, 1976ல் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஹாரி பிளாக்மன் எழுதிய அந்தத் தீர்ப்பில் இருக்கும் எண்கள் இன்றும் கண்ணை உறுத்துகின்றன. ரிச்மண்ட் என்ற ஒரே ஊரில் அக்ரோமைசின் 40 மாத்திரைகள் ஒரு கடையில் 2.59 டாலர், இன்னொரு கடையில் 6 டாலர். நியூபோர்ட் நியூஸ் வட்டாரத்தில் டெட்ராசைக்ளின் 1.20 டாலரிலிருந்து 9 டாலர் வரை. விலை தெரிந்தால் மக்கள் மலிவானதை நோக்கி ஓடுவார்கள், மருந்தாளரின் கவனமான வேலைக்கு மதிப்புப் போய்விடும் என்று தடையை ஆதரித்தவர்கள் வாதாடினார்கள். கிட்டத்தட்ட ஐம்பது வருடம் கழித்து புத்ராஜெயாவில் கேட்டதும் அதே ராகம்தான். நீதிமன்றம் என்ன சொன்னது? மக்களை அறியாமையில் வைத்துக் காப்பாற்றத் தேவையில்லை, தகவலைக் கொடுங்கள், தங்களுக்கு எது நல்லது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் சாரம்.

ஆனால் விளம்பரத் தடை போனதும் அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிடவில்லை. காப்புறுதி வந்து நடுவில் உட்கார்ந்தது. மருந்துக் காப்புறுதியை நிர்வகிக்கும் இடைநிலை நிறுவனங்கள் மருந்துக்கடைகளோடு ஒப்பந்தம் போட்டன, அந்த ஒப்பந்தங்கள் சிலவற்றில் ஒரு வாய்ப்பூட்டு இருந்தது. நோயாளி காப்புறுதி மூலம் கட்டும் பங்கைவிட, காப்புறுதியை விட்டுவிட்டு ரொக்கமாகக் கொடுத்தால் மருந்து மலிவு என்று மருந்தாளருக்குத் தெரிந்தாலும் அவர் அதைத் தானாகச் சொல்லக் கூடாது! எதிரே நிற்பவரின் பணம் வீணாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். 2018 அக்டோபரில் இரண்டு கூட்டரசுச் சட்டங்கள் கையெழுத்தாகித்தான் இந்த வாய்ப்பூட்டு விலகியது. அதுவும்கூட மருந்தாளர் சொல்லலாம் என்று அனுமதித்ததே தவிர, சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

இந்தியாவைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் நம்மில் பாதிப் பேரின் மனத்தில் இருக்கும் ஒப்பீடு அதுதான். "ஊர்ல அட்டையிலேயே விலை போட்டிருக்கும்" என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னார், உண்மைதான். மாத்திரை அட்டையின் பின்னால் அதிகபட்ச சில்லறை விலை அச்சாகியிருக்கும். 2013ன் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்சவிலை உண்டு, விலைப் பட்டியலைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உச்சவிலையைக் கணக்கிடும் முறையில் 1 விழுக்காடும் அதற்கு மேலும் சந்தைப் பங்குள்ள தயாரிப்புகளின் சராசரி விலையை எடுத்து, அதோடு சில்லறை வியாபாரிக்கு 16 விழுக்காடு சேர்க்கிறார்கள். இவ்வளவும் இருந்தும் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது. உச்சவிலைக்குள் வராத பல ஜெனரிக் மருந்துகளில் (ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் தயாரிப்பவை), கடைக்காரர் வாங்கும் விலைக்கும் அட்டையில் அச்சான விலைக்கும் பெரிய இடைவெளி. அச்சான விலையில் இருபது விழுக்காடு தள்ளுபடி தருகிறேன் என்று அவர் சொல்லும்போது வாங்குபவருக்கு மனம் குளிரும், ஆனால் அந்த அச்சான விலைதான் ஏற்கெனவே ஊதிப்போனது. விலை கண்ணெதிரே இருக்கிறது, அது சரியான விலையா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் மலிவு விலை மருந்துக்கடைகளாக 2014ல் அம்மா மருந்தகங்களும் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்களும் வந்தபோது மக்களுக்குக் கிடைத்த பெரிய உதவி தள்ளுபடி மட்டும் இல்லை, பக்கத்துக் கடை விலையை வைத்துப் பார்க்க ஓர் அளவுகோல் கிடைத்ததும்தான் என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரில் அந்த அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. பலதுறை மருந்தகம். அரசு மானிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மாத்திரைகள் அங்கே மானியத்தோடு கிடைக்கின்றன, மெர்டேக்கா, முன்னோடித் தலைமுறையினருக்கு அதற்கு மேலும் கழிவு. அரசாங்கம் மொத்தமாக வாங்கிப் பேரம் பேசுவதால் அடக்க விலையும் குறைவு. புற்றுநோய் மருந்துகளில் இந்தப் பேரத்தின் பலத்தை 2022ல் நேராகவே பார்த்தோம். அதுவரை நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் புற்றுநோய் மருந்துச் சிகிச்சைக்கு மாதம் 3,000 வெள்ளி என்று பொதுவான ஒரே வரம்பு வைத்திருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் புற்றுநோய் மருந்துப் பட்டியல் வந்து, மருந்துக்கு மருந்து 200 முதல் 9,600 வெள்ளி வரை தனித்தனி வரம்பானது. பட்டியலுக்குள் வர வேண்டும் என்றால் விலையைக் குறை என்று உற்பத்தியாளரிடம் சொல்லும் கை அரசாங்கத்துக்கு வந்தது. அந்த மாற்றத்தால் சிகிச்சை நடுவில் தவித்தவர்களும் உண்டு, அதை மறக்கக் கூடாது. ஆனால் எந்த மருந்துக்கு எவ்வளவு காப்புறுதி என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்க முடிகிற நிலை அன்று முதல் வந்தது.

புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக் பக்கமும் மெதுவாக ஏதோ நகர்கிறது. குடும்ப டாக்டர் ஒருவரிடம் பதிந்துகொள்ளும் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது, 2024ல் அதில் நாட்பட்ட நோய்களுக்கான தனி மானியப் பிரிவு வந்தது. சேர்ந்தவர்களுக்குக் குறிப்பிட்ட மருந்துகள் பலதுறை மருந்தக விலைக்கு நிகராகத் தனியார் கிளினிக்கிலேயே கிடைக்கும், அந்த மருந்துகளுக்குக் கிளினிக் எவ்வளவு வரை வாங்கலாம் என்பதற்கும் அமைச்சு வரம்பு வைத்திருக்கிறது. நம் முதல்நிலைப் பராமரிப்பில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் தனியார் கிளினிக்குகள்தான் கவனிக்கின்றன, அங்கே மருந்துக்கு வரம்பு என்ற பேச்சு நுழைந்தது சின்ன விஷயம் இல்லை. அதோடு டாக்டருக்கும் நோயாளியைப் பராமரிப்பதற்கென்றே அரசாங்கம் தனியாகப் பணம் தருகிறது, ஆக மாத்திரையில்தான் வாடகையைத் தேட வேண்டும் என்ற கட்டாயம் கொஞ்சம் தளர்கிறது. மலேசியாவில் விலைப்பலகையை முதலில் வைத்துவிட்டுக் கட்டணத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள், சண்டை வந்தது. இங்கே வரிசை வேறு.

இருந்தாலும் எனக்குப் போதவில்லை. அப்பா திட்டத்தில் சேர்ந்திருக்கிறார், அவருடைய ஐந்து மாத்திரைகளில் எது அந்தப் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, இல்லாததற்கு எவ்வளவு என்பது இன்றும் பை கட்டிய பிறகுதான் தெரிகிறது. சட்டமாக ஒன்று கேட்கலாம் என்றால் நான் மருந்துக்கடைச் சுவரில் பலகை கேட்க மாட்டேன். ஆயிரம் மருந்துப் பெயர் உள்ள பலகையை யார் நின்று படிப்பது, அதுவும் 28 மாத்திரைப் பெட்டிக்கு ஒரு விலை, 100 மாத்திரைப் பெட்டிக்கு ஒரு விலை என்று இருக்கும்போது? நாட்பட்ட நோய் மருந்துகளுக்கு மட்டும், டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும், மாத்திரை எடுத்து வைப்பதற்கு முன், ஒரு தாள். அதில் மருந்தின் வணிகப் பெயரோடு பொதுப் பெயர், ஒரு மாத்திரைக்கு எவ்வளவு, மானியம் போக எவ்வளவு, ஆலோசனைக் கட்டணம் தனியாக எவ்வளவு. அதே தாளே மருந்துச் சீட்டாகவும் இருக்கட்டும், கேட்காமலே கையில் கிடைக்கட்டும். காய்ச்சலோடு வருபவருக்கு இது தேவையில்லை, 39 டிகிரியில் யாரும் கடை கடையாக ஏறி இறங்க மாட்டார்கள். வாழ்நாள் மருந்து சாப்பிடுபவருக்கு, வருடம் நாலு முறை, வேண்டும்.

ஆலோசனைக் கட்டணம் ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும் என்றுதான் நினைக்கிறேன், ஏறட்டும். அப்பாவின் நாடியைப் பார்த்து, கால் விரல்களைத் தொட்டுப் பார்த்து, பத்து நிமிடம் பேசும் டாக்டருக்கு அந்தப் பத்து நிமிடத்துக்கான பணத்தை நேராகக் கொடுப்பதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. டாக்டர் அறையில் இருக்கும்போதே, முகப்புக்கு வருவதற்கு முன், "டாக்டர், மாசாமாசம் சாப்பிடுற மாத்திரைக்குச் சீட்டு மட்டும் கொடுங்க, மருந்தை வெளியே வாங்கிக்கிறேன்" என்று சொல்லலாம். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைக்கிறார்கள், டாக்டர்களுக்கு இது புதிதில்லை. சிலர் சீட்டு எழுத ஒரு சிறு கட்டணம் வாங்குவார்கள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு), சாஸ் (தனியார் கிளினிக்கில் கிடைக்கும் அரசு மானியம்) பயன்படுத்துபவர்கள் வெளியே வாங்கினால் அதே சலுகை கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் மலிவு என்று போய்க் கூடுதலாகக் கட்ட நேரிடும். கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி கிளைகள் எல்லாவற்றிலும் மருந்தாளர் இருப்பதில்லை, இருக்கும் கிளைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு மருந்தின் பொதுப் பெயரையும் மில்லிகிராமையும் சொன்னால் விலை சொல்வார்கள். கொழுப்பு மாத்திரையை லிப்பிட்டார் என்று கேட்காதீர்கள், அட்டோர்வாஸ்டாட்டின் என்று கேளுங்கள். ஒரே மருந்துதான், ஆனால் இரண்டாவது பெயரில் கேட்டால்தான் எல்லாத் தயாரிப்புகளின் விலையும் வெளியே வரும். வணிகப் பெயரை மாற்றுவதற்கு முன் டாக்டரிடமோ மருந்தாளரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வலிப்பு மருந்துபோன்ற சிலவற்றில் தயாரிப்பு மாறினால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஜொகூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கொண்டுவருபவர்கள், சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து, சில தூக்க மாத்திரைகள்போன்ற கட்டுப்படுத்தப்பட்டவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பெட்டியையும் சீட்டையும் தூக்கிப் போடாமல் கூடவே கொண்டுவாருங்கள்.

போன மாதம் அப்பாவோடு போனேன். டாக்டர் எழுதி முடித்ததும் அப்பாவே கேட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று மாத்திரை மானியப் பட்டியலில் இருந்ததால் அங்கேயே வாங்கினோம், மீதி இரண்டுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டோம். முகப்பில் இருந்த பெண் தாளை நீட்டும்போது, இப்போதெல்லாம் நிறையப் பேர் இப்படிக் கேட்கிறார்கள் அங்கிள் என்றார். அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.